பேஸ்மென்ட் இரண்டில் மின்கார் செத்துக் கிடக்கிறது, கொக்கி லோரி இழுக்கலாமா?

செத்தாப்பாக் வாசி:

வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கொண்டோ (அடுக்குமாடி வீடு) படிக்கட்டில் உட்கார்ந்துதான் தட்டுகிறேன், கீழே லைன் கிடைக்கவில்லை.

தீபாவளிக்கு மனைவியின் ஊரான தைப்பிங்குக்குப் போய் ஒன்பது நாள் கழித்து இன்று மாலைதான் கோலாலம்பூர் திரும்பினோம். பெருநாள் கூட்டத்தில் நெடுஞ்சாலை சார்ஜருக்கு வரிசை நிற்கிற பொறுமை வீட்டில் யாருக்கும் இல்லாததால் இடிஎஸ் ரயிலில் போனோம். கார் இங்கேயே, பேஸ்மென்ட் இரண்டில், எங்கள் இடத்தில்தான் நின்றது. மின்கார், முன்சக்கர ஓட்டம், வாங்கி இரண்டு வருடம் இரண்டு மாதம் ஆகிறது. இதுவரை ஒரு தொல்லையும் இல்லை.

இன்று இறங்கிப் போய்ப் பார்த்தால் கதவுப் பிடிகூட வெளியே வரவில்லை. சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன். உள்ளே கும்மிருட்டு. திரை இல்லை, விளக்கு இல்லை, ஹார்ன்கூட இல்லை. ஆனால் கைப்பேசிச் செயலியில் பேட்டரி 64 சதவீதம் என்று காட்டுகிறது! 64 சதவீதம் இருக்கிற கார் எப்படிச் சாகும்? இரண்டு ஜாகாவும் (காவலாளிகள்) நானும் சேர்ந்து தள்ளிப் பார்த்தோம், சுவரைத் தள்ளினமாதிரி இருந்தது.

இன்சூரன்ஸ் நம்பருக்கு அழைத்தேன். முக்கால் மணி நேரத்தில் வந்தது பின்னால் கொக்கி வைத்த ஒரு சின்ன லோரி. படுக்கைத் தட்டு வைத்த பெரிய லோரி இந்த பேஸ்மென்ட்டுக்குள் நுழையாது, வாசலில் 2.1 மீட்டர் என்று பலகை தொங்குகிறது. லோரிக்காரர் நல்ல மனிதர்தான். "முன்பக்கத்தைத் தூக்கிவிட்டுப் பின்சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போய்விடலாம் பாஸ், மைவி, சாகா மாதிரி பெட்ரோல் கார் எல்லாம் தினமும் இப்படித்தான் இழுக்கிறேன்" என்கிறார். எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. இழுக்க விடலாமா? இழுத்தால் எங்கே கொண்டுபோவது? சர்வீஸ் சென்டர் நாளைக் காலைதான் திறக்கும். செந்தூலில் எனக்குத் தெரிந்த பட்டறை ஒன்று இருக்கிறது, தௌகே (முதலாளி) "கொண்டு வா, பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்.

லோரிக்காரர் மேலே சாலையோர ஒட்டுக் கடையில் தே தாரிக் (பால் தேநீர்) குடித்துக்கொண்டிருக்கிறார். சீக்கிரம் சொல்லுங்கள்.


கிள்ளான் லோரிக்காரர்:

தம்பி, முதலில் அவரை இன்னொரு தே தாரிக் குடிக்கச் சொல்லுங்கள். காரில் கை வைக்க வேண்டாம்.

நான் பதினேழு வருடமாகக் காடி (கார்) இழுக்கிறேன். கொக்கி லோரியில் தொடங்கி இப்போது கேரியர், அதாவது படுக்கைத் தட்டு லோரி, ஓட்டுகிறேன். அவர் சொல்வது முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். முன்சக்கர ஓட்டம் உள்ள காடியை முன்னால் தூக்கிப் பின்னால் உருட்டுவது பழைய வழக்கம்தான். மின்காடியிலும் சில மாடல்களின் கையேடு இதை அனுமதிக்கிறது. ஆனால் உங்கள் காடியில் மின்சாரம் செத்துவிட்டது. அப்படியென்றால் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற பார்க்கிங் பிரேக்கை யார் விடுவிப்பது? இப்போதெல்லாம் கையால் இழுக்கிற பிரேக்கா வருகிறது, எல்லாம் பட்டன். பட்டனுக்கு மின்சாரம் வேண்டும். அவர் முன்னால் தூக்கி இழுத்தால் பின்சக்கரம் உருளாது, தேய்ந்துகொண்டே வரும். பேஸ்மென்ட் சரிவில் இரண்டு சுற்று ஏறுவதற்குள் டயர் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். சரி, திருப்பிப் பின்னால் தூக்கலாமே என்று அவர் சொன்னால் அது அதைவிட மோசம், அப்போது தரையில் இருப்பது மோட்டாரோடு கோத்த சக்கரம், அதுவும் பார்க் பூட்டில் நிற்கிறது.

இதற்கு இரண்டே வழிதான். ஒன்று, நான்கு சக்கரத்துக்கும் அடியில் சின்னச் சக்கரப் பலகை, நாங்கள் டாலி என்போம், அதை வைத்துக் காடியின் சொந்தச் சக்கரம் எதுவும் உருளாமல் மேலே கொண்டுவந்து, தெருவில் நிற்கிற கேரியரில் ஏற்றுவது. பேஸ்மென்ட் வேலைக்கென்றே தாழ்வான ஜீப் வைத்திருக்கிறவர்கள் கேஎல்லில் (கோலாலம்பூரில்) இருக்கிறார்கள், ஆனால் அதற்குத் தனிக் காசு கேட்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, செத்த மின்சாரத்தைக் கொஞ்ச நேரத்துக்காவது எழுப்பி, நியூட்ரலில் போட்டு, பிரேக்கை விடுவிப்பது. இரண்டாவதை முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே வேலை முடிந்துவிடும், எனக்குப் பிழைப்புப் போனாலும் பரவாயில்லை.

ஒரு விஷயம், டாலி வைக்க ஜாக்கியில் தூக்கும்போது கண்ட இடத்தில் முட்டுக் கொடுக்க விடாதீர்கள். மின்காடியின் வயிறு முழுக்க பேட்டரி. ஜாக்கி வைக்க ஓரத்தில் நான்கு இடம் குறித்திருக்கும், அங்கே மட்டும்தான். கனமும் சாதாரணக் கனம் இல்லை. மைவி ஏறக்குறைய 1 டன், பிஒய்டி அட்டோ 3 என்ற மின்காடியை எடுத்தால் 1,750 கிலோ. மைவிக்கு வாங்கிய டாலியில் இதை ஏற்றினால் சரிவில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.


பாயான் பொறியாளர்:

64 சதவீதம் இருக்கிற கார் எப்படிச் சாகும் என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், மற்றதை லோரி அண்ணன் சரியாகவே சொல்லிவிட்டார். (நான் இருப்பது பினாங்கில், பாயான் லெப்பாஸ் ஆலை ஒன்றில் பவர் எலக்ட்ரானிக்ஸ் வேலை, கார் கம்பெனிக்காரன் இல்லை.)

உங்கள் காரில் பேட்டரி இரண்டு. அடியில் இருக்கிற பெரியது மோட்டாருக்கு. முன்பக்கம் எங்கேயோ சாதாரணக் காரில் இருப்பதுபோலவே ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கும். கதவு, திரை, விளக்கு, பார்க்கிங் பிரேக், எல்லாக் கணினிப் பெட்டிகளும் அதில்தான் ஓடுகின்றன. முக்கியமாக, பெரிய பேட்டரியை வெளியே இணைக்கிற காண்டாக்டர் என்ற தடித்த சுவிட்ச் இருக்கிறதே, அதை இழுத்து மூடுவதும் இந்தச் சின்னதின் மின்சாரம்தான். சின்னது செத்தால் பெரியது எவ்வளவு நிறைந்திருந்தாலும் உள்ளேயே பூட்டிக் கிடக்கும். குடம் நிறையத் தண்ணீர் இருந்தும் மூடியைத் திறக்க ஆள் இல்லாத கதை. அதனால்தான் சார்ஜர் குத்தினாலும் பெரும்பாலான கார்களில் ஒன்றும் நடக்காது, அதை முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். செயலியில் தெரிகிற 64 என்பது கார் கடைசியாக மூச்சுவிட்டபோது அனுப்பிய கணக்கு.

கார் ஓடும்போதும் சார்ஜ் ஆகும்போதும் டிசி-டிசி கன்வெர்ட்டர் என்ற பெட்டி பெரியதிலிருந்து எடுத்துச் சின்னதை நிரப்பிக்கொண்டிருக்கும். காரை நிறுத்திப் பூட்டிவிட்டால் அது தூங்கப் போய்விடும். சில கார்கள் நடுவில் தானே விழித்துக் கொஞ்சம் நிரப்பிக்கொள்ளும், எல்லாக் காரும் அப்படி இல்லை. பெட்ரோல் காரில் பேட்டரி வயதானால் காலையில் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும், நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். மின்காரில் ஸ்டார்ட்டரே இல்லை. நேற்றுவரை நன்றாக இருக்கும், இன்று செத்துப்போகும், நடுவில் அறிகுறியே தெரியாது. நம் ஊர் வெயில் வேறு, ஈயப் பேட்டரிக்குச் சூடு ஆகவே ஆகாது.

இரண்டு கேள்வி. டேஷ்கேம் போட்டிருக்கிறீர்களா, அதுவும் பார்க்கிங்கில் நிற்கும்போதும் படம் எடுக்கிற மாதிரி ஒயர் இழுத்து? ஊரில் இருந்தபோது செயலியை எத்தனை தடவை திறந்து பார்த்தீர்கள்?


செத்தாப்பாக் வாசி:

டேஷ்கேம் இருக்கிறது, போன மாதம்தான் போட்டேன், ஒயர் இழுத்துத்தான். செயலியை... ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை இருக்கும். பக்கத்து யூனிட்காரர் பார்க்கிங் விஷயத்தில் சண்டைக்காரர், காரைக் கீறிவிடுவாரோ என்று ஒரு பயம்.


பாயான் பொறியாளர்:

அப்படியானால் கொலைகாரன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். ஒவ்வொரு தடவை செயலியில் நிலவரம் கேட்கும்போதும் தூங்குகிற காரைத் தட்டி எழுப்புகிறீர்கள். பல மாடல்களில் பாதிக் கணினிகள் கண்ணைத் திறந்து சில நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் திரும்பப் படுக்கும். அதற்கு மேல் டேஷ்கேம். சின்ன பேட்டரி பாவம் என்ன செய்யும்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். யாரிடமாவது கைக்கடக்கமான பூஸ்டர் (செத்த 12 வோல்ட் பேட்டரிக்கு மின்சாரம் கொடுத்து எழுப்புகிற பெட்டி) இருக்கிறதா என்று கொண்டோ வாட்ஸ்அப் குழுவில் கேளுங்கள், லோரிக்காரரிடமே இருக்கலாம். இல்லையென்றால் பக்கத்தில் ஒரு பெட்ரோல் காரை நிறுத்தி ஒயர் கொடுக்கலாம். கையேட்டில் 12 வோல்ட் பேட்டரி எங்கே, எந்த இடத்தில் கிளிப் மாட்டச் சொல்கிறது என்று முதலில் பாருங்கள், எல்லாக் காரும் ஒரே மாதிரி இல்லை. சில புதிய கார்களில் அந்தச் சின்னதே லித்தியமாக இருக்கும், அதற்கு வழிமுறை வேறு. டெஸ்லா மாடல் 3 போன்றவற்றில் முன் மூடியைத் திறக்கவே மின்சாரம் வேண்டும், அதற்காக முன் பம்பரில் இழுவைக் கொக்கி மாட்டுகிற மூடிக்குப் பின்னால் இரண்டு சின்ன ஒயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் காரில் காலடியில் இழுக்கிற கேபிள் இருந்தால் கவலை இல்லை.

சிவப்பு கிளிப் பிளஸ்ஸில், கறுப்பு காரின் உடல் இரும்பில், கையேடு சொல்கிற இடத்தில். ஆரஞ்சு நிற உறை போட்ட தடித்த கேபிள் கண்ணில் பட்டால் அதன் பக்கமே கை போகக்கூடாது, அதுதான் பெரிய பேட்டரியின் கம்பி, பல கார்களில் 400 வோல்ட் சமாசாரம். கிளிப் மாட்டியதும் உடனே ஸ்டார்ட் அழுத்த வேண்டாம், இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். பிறகு பிரேக்கை மிதித்து அழுத்துங்கள். ரெடி என்று விளக்கு வந்துவிட்டால் காண்டாக்டர் மூடிவிட்டது என்று அர்த்தம், அதற்குப் பிறகு பெரியது சின்னதைக் கவனித்துக்கொள்ளும். பெட்ரோல் கார் மாதிரி ஓட்டினால்தான் ஏறும் என்பதில்லை, ரெடியில் நின்றாலே போதும்.

இதைத் திருப்பிச் செய்யாதீர்கள். நாளைக்கு யாராவது பெட்ரோல் கார்க்காரர் வந்து "உன் காரிலிருந்து ஒயர் கொடு" என்றால் மறுத்துவிடுங்கள். ஸ்டார்ட்டர் ஒரே இழுப்பில் உறிஞ்சுகிற மின்சாரத்துக்கு உங்கள் கன்வெர்ட்டர் செய்யப்படவில்லை.


டர்போ தம்பி:

எதற்கு இவ்வளவு சிரமம், மின்காரைக் கயிறு கட்டி இழுத்தால் பேட்டரியே சார்ஜ் ஆகிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். பிரேக் பிடிக்கும்போது சார்ஜ் ஆகிறது அல்லவா, அதே தத்துவம்தானே? பத்துக் கிலோமீட்டர் இழுத்தால் இருபது கிலோமீட்டர் ஓடுமாம்.


பாயான் பொறியாளர்:

தம்பி, அந்த வீடியோவில் கார் உயிரோடு இருந்திருக்கும். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தால் சுற்றுகிற மோட்டாரிலிருந்து வருகிற மின்சாரத்தை இன்வெர்ட்டர் அளந்து வாங்கிப் பேட்டரிக்குள் விடும், குளிர்விக்கிற பம்பும் ஓடும். செத்த காரில் வாங்குவதற்கு ஆள் இல்லை. பெரும்பாலான மின்கார் மோட்டாரில் ரோட்டருக்குள் (சுற்றுகிற பாகம்) நிரந்தரக் காந்தம் இருக்கிறது. சக்கரம் சுற்றினால் காந்தம் சுற்றும், காந்தம் சுற்றினால் கம்பிச் சுருளில் மின்னழுத்தம் வந்தே தீரும், நீங்கள் வேண்டாம் என்றாலும் வரும், வேகம் கூடக் கூட அதுவும் கூடும். நியூட்ரலில் போட்டாலும் இதே கதைதான். மின்காரில் நியூட்ரல் என்றால் மோட்டாருக்கு மின்சாரம் தராமல் இருப்பது, அவ்வளவே. பல்சக்கரம் பிரிவதில்லை, கிளட்ச் என்று ஒன்றும் நடுவில் இல்லை. மணிக்கு 80 கிலோமீட்டரில் இழுத்தால் உங்கள் மோட்டார் அந்த வேகத்துக்கான சுற்றை அப்படியே சுற்றும், எண்ணெய்ப் பம்பும் குளிர் நீரும் இல்லாமல். இன்வெர்ட்டர் போனால் என்ன விலை என்று யாராவது சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பாருங்கள், கேட்டவருக்கு முதலில் உட்கார நாற்காலி கொடுங்கள்.

கேரியரில் ஏற்றுவதற்காக நடக்கிற வேகத்தில் சில மீட்டர் உருட்டலாம். அதைத் தாண்டினால் நான்கு சக்கரமும் தரையைவிட்டு எழும்பியிருக்க வேண்டும். நான்கு சக்கர ஓட்டம் உள்ள காரில் இதற்கு விலக்கே கிடையாது.

இருபது கிலோமீட்டர் கணக்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. இழுக்கிற காரின் பெட்ரோல்தான் அங்கே எரிகிறது.

உண்மையிலேயே பெரிய பேட்டரி காலியாகி நடுவழியில் நின்றால் அதற்கு வேறு வழி உண்டு. வி2எல் வசதி (தன் பெரிய பேட்டரியிலிருந்து வெளியே பிளக் வழியாக மின்சாரம் தருவது) உள்ள இன்னொரு மின்கார் பக்கத்தில் வந்தால் அதன் 3 கிலோவாட் பிளக்கில் நம் சிறிய சார்ஜரைக் குத்தி, ஒரு மணி நேரத்தில் இழப்பு போக 15 கிலோமீட்டர் சொச்சம் ஏற்றலாம், அடுத்த ஓய்வுப் பகுதிக்குப் போய்ச் சேரலாம். ஆனால் எர்த் இல்லை என்று சில சார்ஜர்கள் அடம்பிடிக்கும், வீட்டில் ஒரு தடவை சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.


பாலிசி அக்கா:

நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட், எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், விளம்பரம் ஆகிவிடும். இழுவை விஷயத்தில் என் வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்பச் செய்கிற தப்பைச் சொல்கிறேன். அழைக்கும்போது "கார் நின்றுவிட்டது, ஆள் அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்கிறார்கள். அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு அது பெட்ரோல் காரா மின்காரா என்று எப்படித் தெரியும்? மாடல் பெயர், முன்சக்கர ஓட்டமா நான்கு சக்கரமா, நிற்கிற இடம் பேஸ்மென்ட்டா தெருவா, உயரம் எவ்வளவு, பார்க்கிங் பிரேக் விடுபடுகிறதா, இவ்வளவும் முதல் அழைப்பிலேயே சொல்லிக் கேரியர்தான் வேண்டும் என்று கேளுங்கள். செத்தாப்பாக் தம்பிக்குக் கொக்கி லோரி வந்ததற்கு அந்த லோரிக்காரரைக் குறை சொல்ல முடியாது.

பாலிசியில் "இலவச இழுவை" என்று பெரிய எழுத்தில் இருக்கும். எத்தனை கிலோமீட்டர் அல்லது எத்தனை வெள்ளி (ரிங்கிட்) வரை என்பது சின்ன எழுத்தில் இருக்கும். சில பாலிசிகளில் அந்தக் கிலோமீட்டர் லோரி போய்த் திரும்புகிற மொத்தத் தூரம், அதை மறந்து ஈப்போவில் நின்ற காரைக் கேஎல்லுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு மிச்சத்தைக் கையிலிருந்து கட்டியவர் எனக்குத் தெரியும். பேஸ்மென்ட்டிலிருந்து வெளியே எடுக்கிற வேலை பெரும்பாலும் தனி. கார் புதியது என்றால் கார் கம்பெனியே சில வருடத்துக்குச் சாலை உதவி தந்திருக்கும், அதை முதலில் அழையுங்கள், அவர்கள் ஆள்களுக்கு அந்த மாடல் பழக்கமாக இருக்கும்.

இன்னொன்று, நெடுஞ்சாலையில் நின்றால் நீங்கள் அழைக்காமலே ஒரு லோரி வந்து முன்னால் நிற்கும். மிகவும் அக்கறையாகப் பேசுவார், ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார். போடாதீர்கள். பிளஸ் நிறுவனம் நடத்துகிற நெடுஞ்சாலை என்றால் 1800-88-0000 அழைத்தால் ரோந்து வண்டியே வரும். விபத்து என்றால் அது வேறு கதை, 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

செந்தூல் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள், தம்பி. தௌகே கெட்டிக்காரராக இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் மின்காரின் பெரிய பேட்டரிக்கு வழக்கமாக 8 வருடம் அல்லது 160,000 கிலோமீட்டர் உத்தரவாதம் இருக்கிறது. வெளி ஆள் ஒருவர் திறந்து பார்த்தார் என்று தெரிந்தால் பின்னால் வாக்குவாதம் வரும். 12 வோல்ட் பேட்டரி மாற்றுவது மட்டும் என்றால் அது வேறு.


பட்டர்வொர்த் பெரியவர்:

எனக்கு நடந்ததையும் எழுதுகிறேன், என் கதை 12 வோல்ட் கதை இல்லை, அதனால் யாருக்காவது உதவும். போன வருடம் மகளைப் பினாங்குத் தீவில் விட்டுவிட்டு முதல் பாலத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். 13.5 கிலோமீட்டர் பாலம், 1985இல் திறந்த அன்றிலிருந்து எத்தனை ஆயிரம் தடவை கடந்திருப்பேன், ஒரு தடவைகூட நின்றதில்லை. அன்றைக்கு நடுக்கடலுக்கு மேல் திரையில் சிவப்பாக ஓர் ஆமை வந்தது, உயர் மின்னழுத்தப் பாதுகாப்பு என்று ஏதோ எழுத்து, வேகம் மணிக்கு 40க்குக் கீழே இறங்கிக்கொண்டே வந்து ஓரமாக ஒதுங்குவதற்குள் நின்றுவிட்டது. விளக்கு, ஏர்கான் விசிறி எல்லாம் வேலை செய்கிறது, வண்டி மட்டும் நகரவில்லை. பின்னால் வருகிறவர்கள் எல்லாம் ஹார்ன். எனக்கு வயது 68, கை நடுங்கியது என்று சொல்லிக்கொள்வதில் வெட்கம் இல்லை.

ரோந்து வண்டி வந்தது. அந்த மலாய்ப் பையன் இறங்கியதும் கேட்ட முதல் கேள்வியே "இது இவியா (மின்காரா), பாக் சிக் (பெரியவரே)?" என்பதுதான். டாலி கொண்டுவரச் சொல்லி, கரையில் பிறை ஊர்ப் பக்கம் டோல் சாவடிக்கு அருகில் கொண்டுபோய்ப் பத்திரமாக நிறுத்தினான், காசு வாங்கவில்லை. அங்கே இருந்து கேரியர் வந்து சர்வீஸ் சென்டருக்கு ஏற்றிப் போனது. அப்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. காரை நியூட்ரலில் போட்டுவிட்டு நான் இறங்கியதும் அது தானாகவே பார்க்குக்கு மாறிவிட்டது! கேரியர்காரர் வின்ச்சில் (வடம் சுற்றி இழுக்கிற கருவி) இழுக்கிறார், வண்டி முனகுகிறதே தவிர ஏறவில்லை. இரண்டு பேரும் பத்து நிமிடம் முழித்தோம். கடைசியில் திரைக்குள் எங்கேயோ இழுவை முறை என்று ஒரு தேர்வு இருந்தது, அதை அழுத்திய பிறகுதான் நியூட்ரலில் நின்றது.

கோளாறு என்னவென்றால் ஏர்கான் கம்ப்ரஸர். மின்காரில் அதுவும் பெரிய பேட்டரியிலிருந்து ஓடுகிறது, அதற்குள் மின்கசிவு வந்ததால் கார் தன்னைத்தானே பூட்டிக்கொண்டதாம். உத்தரவாதத்தில் மாற்றிக் கொடுத்தார்கள், பதினோரு நாள் ஆனது. அந்தப் பதினோரு நாளும் மருமகனின் பழைய காஞ்சில் பெட்ரோல் காரில் போய்வந்தேன், அது ஒரு நாளும் நிற்கவில்லை. அதையும் எழுதத்தானே வேண்டும்.


கிள்ளான் லோரிக்காரர்:

பெரியவர் சொன்ன நியூட்ரல் விஷயத்தை எல்லோரும் வீட்டில் இருக்கும்போதே ஒரு தடவை பார்த்து வையுங்கள். நான் வந்து நிற்கும்போது முக்கால்வாசிச் சொந்தக்காரர்களுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாது, மழையில் நின்றுகொண்டு இரண்டு பேரும் திரையைத் தடவிக்கொண்டிருப்போம். அப்புறம் இழுவைக் கொக்கி, காடியின் பின்பக்கச் சாமான் அறையில் கருவிப் பையில் ஒரு தடித்த இரும்புக் கண் இருக்கும். அதைப் பம்பர் ஓட்டையில் திருக வேண்டும். சில காடிகளில் அது இடப்பக்கமாகத் திருகுகிற மரை, வலப்பக்கம் திருகித் திருகி "பொருந்தவில்லையே" என்று தூக்கி எறிந்தவர்கள் உண்டு. அந்தக் கண் வின்ச்சில் மெதுவாக ஏற்றுவதற்குத்தான், நெடுஞ்சாலையில் கயிறு கட்டி இழுப்பதற்கு இல்லை. ஏற்றிய பிறகு பட்டை கட்டுவது சக்கரத்தில், அடியில் கண்ட கம்பியில் கொக்கி மாட்டினால் தடுத்து நிறுத்துங்கள், நீங்கள் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தால் வேறு லோரி கூப்பிடுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய மின்காடி என்றால் ஏற்றுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் செய்து பார்க்கவும் வேண்டாம், சார்ஜர் குத்தவும் வேண்டாம். அதை நான் இறக்கி வைக்கிற இடமே வேறு, மற்றக் காடிகளிலிருந்து தள்ளித் திறந்தவெளியில்தான்.


செத்தாப்பாக் வாசி:

எல்லோருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நேற்று இரவு எழுத முடியவில்லை.

கொண்டோ குழுவில் பூஸ்டர் கேட்டேன். மூன்று நிமிடத்தில் ஒருவர் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார், யார் என்று நினைக்கிறீர்கள், அந்தப் பக்கத்து யூனிட்காரர்தான். மல்டிமீட்டர்கூட வைத்திருந்தார். சின்ன பேட்டரியில் 5.9 வோல்ட் காட்டியது. கையேட்டில் பார்த்து மாட்டி, மூன்று நிமிடம் எண்ணி, பிரேக்கை மிதித்து அழுத்தினேன். முதல் தடவை திரை மட்டும் மின்னிவிட்டு அணைந்தது. உயிர் போய்விட்டது எனக்கு. அவர் "பொறு, இன்னும் கொஞ்சம் குடிக்கட்டும்" என்று ஐந்து நிமிடம் விட்டார். இரண்டாவது தடவை அடியில் எங்கேயோ டொக் என்று ஒரு சத்தம், ரெடி விளக்கு. பார்க்கிங் பிரேக்கும் க்ர்ர் என்று விட்டது. மேலே தெருவுக்கு ஓட்டி வந்து நாற்பது நிமிடம் அப்படியே நிறுத்தி வைத்தேன்.

லோரிக்காரர் கடைசிவரை போகவில்லை, பக்கத்தில் நின்று பார்த்தார், கையேட்டில் இழுவைப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். ஒன்றும் இழுக்கவில்லை என்று காசு வேண்டாம் என்றார், வற்புறுத்தி ஐம்பது வெள்ளி கொடுத்தேன். கிள்ளான் அண்ணன் எழுதியதை அவருக்குக் காட்டினேன், "பின்சக்கரப் பிரேக்கை நான் யோசிக்கவில்லை பாஸ்" என்று நேர்மையாகச் சொன்னார்.

காலையில் மறுபடியும் 10.9 வோல்ட்தான், பூஸ்டர் வைத்துத்தான் எழுந்தது. அப்படியே சர்வீஸ் சென்டருக்கு நானே ஓட்டிப் போனேன், வழியில் எங்கும் அணைக்கவில்லை, எண்ணெய்க் கடைப் பக்கம்கூடத் திரும்பவில்லை (அங்கே எனக்கு வேலையும் இல்லை). பேட்டரி தேறாது என்று மாற்றிவிட்டார்கள், பாலிசி அக்கா சொன்னமாதிரி உத்தரவாதம் பற்றிக் கேட்டதில் பணம் வாங்கவில்லை. டேஷ்கேமின் பார்க்கிங் ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

பாயான் அண்ணா, ஒரே ஒரு சந்தேகம். செயலியையும் கைப்பேசியிலிருந்து எடுத்துவிடவா?


பாயான் பொறியாளர்:

எடுக்க வேண்டாம். பிள்ளையை விடுதியில் சேர்த்த அம்மா மாதிரி மணிக்கு ஒரு தடவை பார்க்காதீர்கள், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். அடுத்த முறை ஒரு வாரத்துக்கு மேல் ஊருக்குப் போனால், நடுவில் ஒரு நாள் யாரையாவது காரை ரெடியில் ஒரு மணி நேரம் வைக்கச் சொல்லுங்கள். இப்போதுதான் பக்கத்து யூனிட்டில் ஆள் கிடைத்துவிட்டாரே.


செத்தாப்பாக் வாசி:

சாவியை அவரிடம் கொடுப்பதா என்று மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன். செயலியில் இன்றைக்கான ஒரு தடவை காலை ஆறரைக்கே முடிந்துவிட்டது.